வரிசையில் நின்றுபோன கணக்கீடு

நான் பார்த்துவந்த வேலையை என் அம்மாவுக்கு ஒருபோதும் விளக்க முடிந்ததில்லை. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் வேலை என்பதுவரை அவருக்குப் புரியும். அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்கும்போதுதான் நான் தடுமாறுவேன். ஒரு மூலக்கூறு எப்படி வளையும், எதனோடு போய் ஒட்டும், எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதையெல்லாம் சோதனைக்குழாயைத் தொடாமலே கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. அதைத் தனியாக வாங்கும் வசதி சிறிய கல்லூரிகளுக்குக் கிடையாது. ஆகவே மலேசியாவின் தென் ஜொகூரிலுள்ள சில கல்வி நிலையங்கள் ஒன்று சேர்ந்து ஒரே உரிமத்தைப் பெற்று, எங்கள் மையத்தின் கணினிகளில் அதை ஏற்றி, ஆய்வாளர்கள் யாவரும் வரிசை முறையில் பயன்படுத்துமாறு ஏற்பாடு செய்திருந்தன. அந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதே என் பணி.

வேதியியலில் பட்டம் பெற்று வெளிவந்தபோது, என்னோடு படித்தவர்களில் பலர் விடியுமுன் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போகத் தொடங்கியிருந்தார்கள். நான் போகவில்லை. பெரிய பேராசிரியரின் ஆய்வும் ஒரு சின்னக் கல்லூரி விரிவுரையாளரின் ஆய்வும் ஒரே வரிசையில், வந்த முறைப்படி நிற்கின்ற இடம் ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது என்றால், அதைக் காப்பதற்கு ஒருவன் வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் இப்போதும் தவறொன்றும் தெரியவில்லை. அதனால் எந்தப் பயனும் விளையவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் இருந்தது. உணவுக்கடையில் கூட்டம் அதிகமான வேளையில் நாம் என்ன செய்வோம்? முதலில் ஒரு மேசையைப் பார்த்து டிஷ்யூ பொட்டலத்தை வைப்போம். பிறகுதான் சாப்பாடு வாங்கப் போவோம். அந்தப் பொட்டலத்தை யாரும் தொட மாட்டார்கள். எங்கள் ஆய்வாளர்கள் இதையே கணினியிலும் செய்தார்கள். கணக்கீடு இன்னும் தயாராகாதபோதே, எதையும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும் வெற்று வேலை ஒன்றை வரிசையில் போட்டுவிடுவார்கள். அதன் முறை வந்ததும் கணினியில் இடமும் உரிமத்தில் ஒரு பங்கும் அவர்கள் வசமாகிவிடும். உண்மையான கணக்கீடு தயாரானதும் அந்த இடத்திலேயே ஓட்டிக்கொள்வார்கள். இதற்கு 'டிஷ்யூ போடுவது' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதைத் தொடங்கிவைத்தவர் தம்போயில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த ஒருவர்; நான் அண்ணன் என்பேன். நல்ல மனிதர், வாய் ஓயாதவர். விதிப்படி இது கூடாது என்று நான் சொன்னபோது சிரித்தார்.

"பாஸ், நீங்க கடையில தட்டத் தூக்கிக்கிட்டு நின்னுக்கிட்டா சாப்பிடுறீங்க? டிஷ்யூ வைக்க மாட்டீங்க?"

"வைப்பேன் அண்ணே. ஆனா அஞ்சு நிமிஷத்துல தட்டோட வந்துருவேன். நீங்க போட்டு ஒரு வாரமாச்சு."

"அலமாக், வகுப்பு, தேர்வுத்தாள், கூட்டம்னு நம்மள விடுறாங்களா? எடுத்துட்டா மறுபடியும் கடைசியில போயி நிக்கணும்லா. கொஞ்சம் கருணை வைங்க."

நான் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினேன். தூங்கும் வேலைகளை நீக்கினேன். நீக்க நீக்கப் புதியவை முளைத்தன. யாரிடமும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் முறையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள். அந்த அச்சம்தான் வரிசையை நீளமாக்கியது. வரிசை நீண்டதால் அச்சமும் கூடியது.

டிஷ்யூ போடாதவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். யோங் பெங்கில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பித்துக்கொண்டே, எங்கள் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்திருந்த ஆசிரியை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் டீச்சர் என்பேன். அவர் தம்பி என்பார். பள்ளியின் இணையத்தில் எங்கள் கணினிக்கு வழி அடைக்கப்பட்டிருந்தது, வீட்டில் இணைப்பு நிலையாக நிற்காது. ஆகவே சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலை வழியாகக் காரோட்டிக்கொண்டு நேரே மையத்துக்கு வந்துவிடுவார். வரும் வழியில் கூலாயில் நிறுத்தி எனக்கும் சேர்த்து நாசி லெமாக் சோறு வாங்கிவருவார்.

"உங்க டிஷ்யூ எங்க டீச்சர்?" என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன்.

"இன்னும் சாப்பாடே சொல்லல, எதுக்குத் தம்பி மேசை?" என்றார்.

அவருடைய ஆய்வு ஒரே கேள்வியைச் சுற்றியது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கும் மருந்து மழையோடு ஓடையில் இறங்குகிறது. ஆலையில் பழத்தை உதிர்த்தபின் மலைபோல் குவியும் காலிக் குலைகளைச் சுட்டுக் கரியாக்கினால், அந்தக் கரி நீரிலுள்ள மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுமா? பிடித்ததை மறுபடியும் விட்டுவிடாமல் இருக்குமா? அவருடைய அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். அண்ணன் குடும்பம் இன்னும் அதே தோட்டத்து வீடுகளில்தான் இருந்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் அங்குள்ளவர்கள் ஓடையில்தான் மொண்டுகொள்கிறார்கள். இதை அவர் உருக்கமாகச் சொல்லவில்லை. கரியின் மேற்பரப்பு மாதிரியைத் திரையில் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, வேறொன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கரியின் பலவகை மேற்பரப்புகளுக்கான கணக்கீடுகளைச் சில ஆண்டுகளாகச் செய்து முடித்திருந்தார். எஞ்சியிருந்தது ஒன்று, ஆனால் அதுதான் முக்கியமானது. அதுவரை செய்தவை எல்லாம் வெற்றிடத்தில் செய்தவை. இதில் கரிக்கும் மருந்துக்கும் நடுவே நீர் மூலக்கூறுகளையும் சேர்க்க வேண்டும். ஓடையில் நீரில்லாமல் எப்படி? அவருடைய பதிவுக்காலம் அந்தப் படிப்புத் தவணையோடு முடிவதாக இருந்தது. ஏற்கெனவே நீட்டிப்புப் பெற்றுவிட்டதால் இன்னொரு நீட்டிப்புக்கு வழியில்லை. அந்த ஒரு கணக்கீடு முடிந்தால் ஆய்வேடு நிறைவுபெறும், முடியாவிட்டால் இல்லை.

இந்த நிலையில்தான் மையத்தின் தலைவி என்னை அழைத்தார். மலாய்க்காரப் பெண்மணி, நாங்கள் புவான் என்று அழைப்போம். கண்டிப்பானவர், ஆனால் எங்கள் சேவைக்காக ஆண்டுதோறும் கூட்டத்தில் வாதாடியவர். பயன்பாட்டு வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். உரிமத்தின் பங்குகள் எப்போதும் முழுவதும் பிடிபட்டிருந்தன. கணினிகளோ பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்தன. கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம்: மேசையெல்லாம் நிறைந்திருக்கிறது, யாரும் சாப்பிடவில்லை, பிறகு இந்தக் கடை எதற்கு?

விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் என்னவாகும் என்று அதற்குள் மனம் கணக்குப் போட்டது. இவர்கள் தேவையில்லாமலே இடம் பிடிக்கிறார்கள் என்றாகும். சொல்லாவிட்டால் இவர்களுக்குத் தேவையே இல்லை என்றாகும். எந்த வழியில் போனாலும் ஒரே இடத்துக்கு வந்தது. இருந்தும் சொன்னேன். புவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிவு எடுத்தாகிவிட்டது என்றார். உரிமம் புதுப்பிக்கப்படாது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களுக்கு எல்லாரையும் மாற்றிவிட வேண்டும்.

அந்த இலவச மென்பொருள்கள் தரமானவையே. புதிதாகத் தொடங்குபவருக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு மென்பொருளில் கிடைத்த ஆற்றல் எண்ணை இன்னொன்றில் கிடைத்ததன் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றும் தனக்கே உரிய தளத்திலிருந்து அளக்கிறது. டீச்சர் மாறினால், முடித்தவை அனைத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆண்டுகளின் உழைப்பு அது.

செய்தி ஆய்வாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் பரவியது. தம்போய் அண்ணன்தான் முதலில் குரல்பதிவு அனுப்பினார்: "நாம சாப்பிடலன்னுதானே சொல்றாங்க? சரி, சாப்பிட்டுக் காட்டுவோம். டிஷ்யூவ எல்லாம் எடுங்க. நிஜமான வேலையப் போடுங்க. பழைய கணக்கா இருந்தாலும் பரவால்ல, மறுபடியும் ஓட்டுங்க. அடுத்த கூட்டத்துக்குள்ள அந்த வரைபடம் கூரையைத் தொடணும். பாஸ் தனியா நிக்கிறாரு, நம்ம பலத்தக் காட்டுவோம்லா!"

எத்தனை கைகூப்புகள், எத்தனை கட்டைவிரல்கள்! அதுவரை ஒருவரையொருவர் அறியாத ஆய்வாளர்கள் ஊக்கம் சொல்லிக்கொண்டார்கள். நான் நெகிழ்ந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பொதுவான ஒன்றுக்காக மனிதர்கள் கூடுவார்கள் என்ற என் நம்பிக்கை அன்று கண்ணெதிரே மெய்யானது.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் நீர் சேர்த்த மாதிரியை முழுமையாக்கிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து வரிசையில் சேர்த்தோம். பிறகு அவர் திரையைக் கீழே நகர்த்தினார்; நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி இது, திருவிழாக் கூட்டமா இருக்கு?"

அவருக்கு முன்னால் நின்றவை எல்லாம், சேவையைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்ட கணக்கீடுகள். பெரும்பாலானவை எப்போதோ முடிந்து, விடை தெரிந்தவை. வரும் வியாழக்கிழமை உரிமம் முடிவதற்குள் அவருடைய முறை வராது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"நான் உங்களை முன்னால தள்ளிவிடுறேன் டீச்சர். என்னால முடியும்."

"வேணாம்."

"இதுல தப்பில்ல. அவங்களுக்கே தேவையில்லாத வேலை அதெல்லாம்."

"நான் வகுப்புல பிள்ளைங்கள வரிசையில நிக்க வைக்கிறவ, தம்பி. நாளைக்கு யாராச்சும் உங்களக் கேட்டா என்ன சொல்வீங்க? நம்ம டீச்சருன்னா? கேட்டுப் பாருங்க மொதல்ல. கேட்டா விட்டுக் குடுப்பாங்க."

கேட்டேன். பெயர் சொல்லாமல், ஒருவருடைய ஆய்வேடு இதில் நிற்கிறது, முடிந்தவர்கள் வேலைகளைத் திரும்பப் பெறுங்கள் என்று குழுவில் எழுதினேன். தம்போய் அண்ணன் உடனே தமது அனைத்தையும் எடுத்தார். இன்னும் பலர் எடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் டீச்சரின் கணக்கீடு நின்ற இடத்திலேயே நின்றது.

காரணம் மிக எளியது; எனக்கு முன்பே தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் மனத்தில் உறைக்காதது. அவருடையது பெரிய கணக்கீடு. பல கணினிகள் ஒரே சமயத்தில் காலியானால்தான் தொடங்கும். வரிசையை நடத்தும் நிரலோ காலி இடத்தைச் சும்மா விடாது. ஒரு வேலை விலகியதும், பின்னால் நிற்கும் சின்ன வேலை ஒன்றை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடும். ஒரு பெரிய குடும்பம் மேசைக்காகக் காத்து நிற்கிறது. ஒவ்வொரு நாற்காலியாகக் காலியாகிறது. ஒவ்வொன்றிலும் தனியாக வந்த ஒருவர் உட்கார்ந்துவிடுகிறார். ஒருவர் விட்டுக்கொடுத்த இடம் இன்னொருவருக்குப் போனது. விட்டுக்கொடுத்தவருக்கு அது தெரியாது, உட்கார்ந்தவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை நான் டீச்சரைக் கேட்கவில்லை. புதிய வேலைகள் எதுவும் தொடங்காதபடி வரிசையை நிறுத்திவைத்தேன். ஓடிக்கொண்டிருந்தவை முடியக் காத்திருந்து, டீச்சருடையதை முதலில் விட்டேன். இன்னொருவருடைய வேலையும் இதேபோல் உயிராக நின்றிருக்குமோ என்ற கேள்வி எனக்கு இருந்தது. அதற்கு விடை காண நேரமில்லை. செவ்வாய்க்கிழமை காலை அது ஓடத் தொடங்கியது.

அது இரண்டு பகுதிகளாக நடக்கும். முதலில் மூலக்கூறுகள் தமக்கான அமைதியான நிலையைத் தேடி, அசைந்து அசைந்து ஓரிடத்தில் வந்து நிற்கும். பிறகு, அவை உண்மையிலேயே பள்ளத்தின் அடியில்தான் நிற்கின்றனவா, அல்லது மேட்டின் விளிம்பில் தற்செயலாக நிற்கின்றனவா என்று அவற்றின் அதிர்வுகளைக் கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது பகுதிதான் நீளமானது. அது முடியாமல் முதற்பகுதியின் எண்ணை எந்தத் தேர்வாளரும் ஏற்கமாட்டார். ஏற்கவும் கூடாது.

உரிமத்தைச் சில நாள்கள் நீட்டித்துத் தரும்படி மென்பொருள் நிறுவனத்துக்குப் புவான் எழுதினார். அவர்கள் இருப்பது உலகின் மறுபக்கம். நாங்கள் எழுதிய பகல் அவர்களுக்கு உறக்கம். அடுத்த நாள் பதில் வந்தது: புதுப்பிப்பதானால் நீட்டிக்கலாம். கண்ணியமான கடிதம். படித்துவிட்டுப் புவான் என் முகத்தைப் பார்க்காமல் மடிக்கணினியை மூடினார்.

உரிமம் முடியும் வியாழக்கிழமை அவர்களுடைய ஊரில் நள்ளிரவு ஆகும்போது எங்களுக்கு நண்பகல். முதற்பகுதி புதன்கிழமையே முடிந்து, அதிர்வுகளின் கணக்கு நடந்துகொண்டிருந்தது. பள்ளி ஓய்வு நேரத்தில் டீச்சர் அழைத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"ஓடுதா தம்பி?"

"ஓடுது டீச்சர்."

"எவ்வளவு மிச்சம்?"

"பாதிக்கு மேல மிச்சம்."

"சரி, மணி அடிச்சிட்டாங்க, நான் வகுப்புக்குப் போறேன். நீங்க பசியாறினீங்களா?" என்றார். பசியாறிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

நண்பகலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மென்பொருள் வழக்கம்போல உரிமம் இருக்கிறதா என்று கேட்டது, இல்லை என்று பதில் வந்தது, நின்றுவிட்டது. கணக்கீட்டுப் பதிவின் கடைசி வரி பாதியில் முறிந்திருந்தது. கணினிகளின் விசிறிகள் சத்தம் தணிந்து ஒவ்வொன்றாக அடங்கின. பக்கத்து அறையில் யாரோ மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளி விடும் நேரம்வரை அவருக்குச் சொல்லாமல் இருந்தேன். வகுப்பில் இருப்பவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் புவான் அந்த மாதத்தின் வரைபடத்தை எனக்குக் காட்டினார். சேவை தொடங்கிய நாளிலிருந்து அப்படியொரு பயன்பாடு இருந்ததில்லை. கோடு உச்சியில் போய்ப் படுத்திருந்தது. "சாயாங்லா," என்றார், வீணாய்ப் போயிற்றே என்று இரங்குகிற குரலில். முன்பே இப்படி இருந்திருந்தால் வாதாடியிருப்பேனே என்றும் சொன்னார். அந்தக் கோட்டுக்குள் விடை தெரிந்த கேள்விகள்தாம் நிறைந்திருந்தன என்பதையும், விடை தெரியாத ஒரு கேள்வி அதன் அடியில் நசுங்கியது என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. தம்போய் அண்ணன் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதில் கேலியே இல்லை. "நான்தான் பாஸ் மொதல்ல எடுத்தேன். பார்த்தீங்கல்ல? மொதல்ல எடுத்தது நான்தானே?" அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பார்த்தேன் அண்ணே என்று எழுதினேன்.

சனிக்கிழமை டீச்சர் தம் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ள வந்தார். கூலாயில் நிறுத்தவில்லை போலும், கையில் வன்தட்டு மட்டும் இருந்தது. முடிந்துபோன முதற்பகுதியின் எண்ணைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கரி அந்த மருந்தை நீருக்கு நடுவிலும் இறுகப் பற்றியிருந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"இந்த நிலைய எடுத்துக்கிட்டுப் போயி வேற மென்பொருள்ல மிச்சத்தப் பார்க்க முடியாதா?"

"அங்க அதோட பள்ளம் கொஞ்சம் தள்ளி இருக்கும் டீச்சர். அங்கயே முதல்ல இருந்து தேடணும். ஒப்பிடுறதுக்குப் பழையதும் எல்லாம் மறுபடியும் செய்யணும்."

"அதுக்குள்ள பதிவு முடிஞ்சிரும்."

"ஆமா."

"மாஸ்டர்ஸா மாத்தி எழுதிக்கலாம்னு மேற்பார்வையாளர் சொல்றாரு. வெற்றிடத்துல செஞ்சத மட்டும் வச்சு." அவர் மெல்லச் சிரித்தார். "வெற்றிடத்துல யாருக்குத் தம்பி தாகம் எடுக்கப்போவுது?"

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. தோட்டத்திலிருந்து அவருடைய அண்ணன்.

"ஆமாண்ணே, இங்கதான் இருக்கேன்... வந்துச்சு. பாதிதான் வந்துச்சு... நல்லதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது." பிறகு அவர் முதுகு நிமிர்ந்தது. "என்னண்ணே சொல்றீங்க? தண்ணி டிரம்முலயா? நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் குலையச் சுட்டுக் கரியப் போட்டீங்க? ... பிள்ளைங்க குடிச்சாங்களா?"

மறுமுனையில் அண்ணன் நீளமாக எதையோ சொன்னார். சொற்கள் எனக்குக் கேட்கவில்லை. குரலில் இருந்த உற்சாகம் மட்டும் கேட்டது. தண்ணீர் தெளிவாக வருகிறது என்று சொல்லியிருப்பார்.

"தெளிவா இருக்கிறது வேறண்ணே. வேணாம், குடுக்காதீங்க... ஏன்னா எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் படிச்சும் தெரியாதுதான்... இல்ல, இனிமேயும் தெரியாது."

திரையில் அந்த எண் அப்படியே இருந்தது. பேசி முடிக்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.